உப்பும் வெயிலும்

சித்திரை மாதத்து வெயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லுகிறவர்கள் நம் நாட்டில் ஒரே ஒரு கோஷ்டியார்தான் உண்டு. அவர்கள் வற்றல் போடுகிறவர்கள். மற்றவர்கள் குடையைத் தேடுகிறார்கள்; விசிறியைத் தேடுகிறார்கள்; வசதியுள்ளவர்கள் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் பிரயாணமாகிறார்கள். வற்றல் போடுகிறவர்களோ, காலை எட்டு மணிக்கே முறமும் கையுமாக மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "இன்றைக்கு வெயில் போதாது போலிருக்கிறதே!" என்று சூரிய பகவானிடம் குறைப்பட்டுக் கொள்ளுகிறார்கள்.

நம் வீட்டில் அந்தக் கோஷ்டிக்குத் தலைவி அத்தை. வயது 82. இவ்வருஷம் சித்திரையில் அவருக்கும் நமக்கும் இடையே ஒரு பரீட்சை நடந்தது. பரீட்சை என்றால் போட்டி என்று வைத்துக் கொண்டாலும் பிசகில்லை. அதன் விவரத்தைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம். இது ஏதோ சமையற் குறிப்பு என்று நினைத்துப் புருஷர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தயிர் சாதத்துக்கு மோர் மிளகாய் வேண்டும் என்று இலைக்கு முன்னால் அதிகாரம் செய்கிறவர்கள், அந்த மிளகாய் எப்படி உண்டாகிறது என்பதை ஒரு தடவையாவது தெரிந்து கொள்வது நியாயந்தானே?

விஷயம் ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் நமது மருமான் விடுமுறைக்கு வந்தபோது, மின்சாரத்தில் இயங்கும் உலர்த்துப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தான். ஐந்து தட்டுகள், பின்புறம் ஒரு விசிறி, உள்ளே உஷ்ணம் தரும் கம்பிச் சுருள். 35 டிகிரி முதல் 70 டிகிரி செல்ஸியஸ் வரையில் வேண்டிய உஷ்ணத்தைத் திருகி வைத்துக் கொள்ளலாம். "காய், பழம், கீரை எல்லாம் உலர்த்தலாம், மாமா. ஊறுகாயைக்கூட உலர்த்துகிறார்கள். புளிப்பும் உப்புமாய் மொறுமொறுவென்று இருக்கும். இதெல்லாம் புது ஆராய்ச்சி" என்றான்.

திண்ணையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "ஊறப்போட்டதை எடுத்து உலர்த்துவதா? அதற்குப் பேர் வற்றல் அல்லவா, அப்பா? இதற்கு ஒரு பெட்டி வேறு வேண்டுமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு பீங்கான் ஜாடியை எடுத்து வந்தார். அதில் இருந்தது உப்பு நார்த்தங்காய். காயை அறுந்துவிடாமல் சுருள் சுருளாக நறுக்கி, சுருளுக்குள் உப்பை அடைத்து, ஜாடியில் சில நாள் ஊறவிட்டு, பிறகு வெயிலில் வைத்து, மறுபடி அதே உப்பு நீரில் போட்டு, மறுபடி வெயிலில் வைத்து, நீர் முழுவதும் காயிலேயே சுண்டும் வரையில் செய்வது. ஜாடியில் இருந்தது ஏழு வருஷத்துச் சரக்கு. கறுத்து, இறுகி, விண்டு வாயில் போட்டால் அப்பொழுதும் ஜுரத்தில் கிடப்பவனை எழுப்பி உட்காரவைத்துக் கஞ்சி குடிக்கச் செய்யும் சக்தியோடு இருந்தது. மருமான் வாயில் ஒரு துண்டைப் போட்டுக் கொண்டு மௌனமானான்.

ஆனாலும் பெட்டி வந்துவிட்டது. அதைச் சும்மா வைத்திருக்க மனம் வருமா? அன்று சாயங்காலமே நாம் ஒரு காரியம் செய்தோம். அலமாரியில் இருந்த எண்ணெய் மாங்காய் ஊறுகாயைத் தட்டுகளில் பரப்பிப் பெட்டியை முடுக்கிவிட்டோம். இரவு முழுவதும் ஓடிற்று. காலையில் பார்த்தால் மாங்காய் அப்படியே ஈரமாக இருந்தது. எண்ணெய் மட்டும் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுகளுக்கு இறங்கி, அங்கிருந்து பெட்டியின் அடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வீடு முழுவதும் சிக்கு நாற்றம். வீட்டு அம்மாள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல்களைத் திறந்து வைத்தார். அந்த மௌனம் நமக்கு நன்றாக அர்த்தமாயிற்று.

பிறகு யோசித்துப் பார்த்தபோது காரணம் வெகு சுலபமாக விளங்கிற்று. உலர்வது என்பது ஜலம் ஆவியாகப் போவது. எண்ணெய் அந்த உஷ்ணத்தில் ஆவியாகாது. அது மட்டுமா? காயின் மேல் எண்ணெய் போர்வை போல் மூடிக் கொண்டிருப்பதால் உள்ளேயிருக்கும் ஜலமும் வெளியே வர வழியில்லாமல் போகிறது. சூடும் காற்றும் பட்ட எண்ணெயோ சிக்குப் பிடிக்கிறது. ஆகவே எண்ணெய் ஊறுகாயை உலர்த்த முடியாது. உப்பிலும் மோரிலும் எலுமிச்சை ரசத்திலும் ஊறினதைத்தான் உலர்த்தலாம். நம் முன்னோர் எண்ணெயில் போட்டதை ஜாடியிலும், உப்பிலும் மோரிலும் போட்டதை மாடியிலும் வைத்தார்களே, அது வெறும் வழக்கம் அல்ல என்பது ஒரு ஜாடி ஊறுகாயைப் பாழாக்கின பிறகு நமக்குத் தெரிந்தது.

* * *

இவ்வளவோடு பெட்டியைப் பரணில் ஏற்றியிருப்போம். ஏற்றாததற்கு ஒரு காரணம் உண்டு.

அத்தைக்கு இரண்டு வருஷமாக இரத்தக் கொதிப்பு. டாக்டர் முதலில் எடுத்து எறிந்தது ஊறுகாயையும் வற்றலையுந்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தார் வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்கவேண்டும் என்று சொல்லுகிறார்கள். அதாவது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. சாதம், குழம்பு, ரசம், கறி எல்லாவற்றிலும் போடுவதைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அத்தை டாக்டர் வார்த்தையை மீறுகிறவர் அல்ல. வருஷந்தோறும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்காக மோர் மிளகாய் போடுகிறார். வறுத்து எல்லோருக்கும் பரிமாறச் சொல்லுகிறார். தாம் மட்டும் வெறும் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். போட்டவருக்கே கிடைக்காத மிளகாய் என்பது நமக்கு இரண்டு வருஷமாகத் தொண்டையில் உறுத்திக் கொண்டிருந்தது.

உப்பைக் குறைத்து மோர் மிளகாய் போட முடியுமா? இதுதான் நமது பரீட்சைக்கு விஷயம். அத்தையிடம் கேட்டோம். "குறைத்தால் பூத்துப் போகும்" என்றார். "எவ்வளவு குறைத்தால்?" என்று கேட்டோம். "அதெல்லாம் யார் கண்டது? ஒரு கைப்பிடி போடவேண்டும், போட்டால் நிற்கும்" என்று முடித்துவிட்டார்.

கைப்பிடி என்பது எவ்வளவு? தராசைக் கொண்டுவந்து வைத்தோம். அரைக் கிலோ மிளகாய்க்கு எடுப்பது போல் கல்லுப்பை எடுத்துத் தட்டில் போடும்படி அத்தையைக் கேட்டுக் கொண்டோம். சிரித்துக்கொண்டே போட்டார். 60 கிராம். கொட்டிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னோம். 59. மறுபடி, 61. நாலாம் தடவை, 60. நாம் தராசைப் பார்த்தோம். பிறகு அந்தக் கையைப் பார்த்தோம். அறுபது வருஷம் உப்பை அள்ளின கை. ஆராய்ச்சிச் சாலையில் இப்படி ஒரு கருவி இருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பார்கள். நம் வீட்டில் இருந்ததை நாம் ஒரு நாளும் நிறுத்துப் பார்க்கவில்லை.

* * *

அடுத்த நாள் ஒன்றரைக் கிலோ குட்டை மிளகாய் வாங்கி மூன்று பங்காகப் பிரித்தோம். ஒவ்வொன்றையும் நுனியில் கீறி, ஒவ்வொரு பங்குக்கும் அரை லிட்டர் கெட்டியான புளித்த மோர் விட்டோம். முதல் பங்குக்கு அத்தையின் கைப்பிடி, 60 கிராம் உப்பு. அதைப் பழைய முறைப்படி இரவில் மோரிலும் பகலில் வெயிலிலுமாக வைத்தோம். இரண்டாவது பங்குக்கும் அதே முறைதான். ஆனால் உப்பு 30 கிராம். மூன்றாவது பங்குக்கு 60 கிராம் உப்பு போட்டு, ஒரே இரவு ஊறவைத்து, நேரே பெட்டியில் ஏற்றி, உஷ்ணத்தைக் கடைசி அளவான 70 டிகிரிக்குத் திருகிவிட்டோம். சீக்கிரம் முடியட்டுமே என்ற எண்ணம்.

மூன்றாவது பங்கு பத்து மணி நேரத்தில் கலகலவென்று உலர்ந்து வெளியே வந்தது. மருமான் ஜயபேரிகை கொட்டினான். அத்தை ஒரு மிளகாயை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்து, "மேலே காய்ந்திருக்கிறது" என்றார். மேலே என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னதை நாம் அப்பொழுது கவனிக்கவில்லை.

மாடியில் இருந்த இரண்டு பங்குகளுக்கும் மூன்று நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் கறுத்தது. கோடை மழை வந்தால் ஊரே சந்தோஷப்படும். நம் வீட்டில் மட்டும் துக்கம். மிளகாய்களை வாரிக்கொண்டு வந்து கூடத்தில் விசிறிக்கடியில் தனித்தனித் துணிகளில் பரப்பினோம். இரண்டு நாள் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், 60 கிராம் போட்ட பங்கு வதங்கி, வெளுத்து, ஒரு குறையுமில்லாமல் இருந்தது. 30 கிராம் போட்ட பங்கில் காம்புகளைச் சுற்றிப் பஞ்சு போல் வெள்ளையாகவும், சில இடங்களில் சாம்பல் நிறமாகவும் பூஞ்சை பூத்திருந்தது. துடைத்துவிட்டு வெயிலில் வைக்கலாமே என்று சிலர் நினைக்கலாம், கூடாது. கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் விஷம் வறுத்தாலும் போவதில்லை. அந்தப் பங்கு முழுவதையும் குப்பையில் கொட்டினோம்.

அத்தை "நான் சொல்லவில்லையா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்காக இவ்வளவு மிளகாயைப் பாழ் பண்ண வேண்டாம், அப்பா" என்றுதான் சொன்னார்.

பன்னிரண்டு நாள் கழித்து, பெட்டியில் உலர்ந்த பங்கைக் காண அலமாரியைத் திறந்தோம். கண்ணாடிப் புட்டியின் உட்புறத்தில் பனி படர்ந்தது போல் ஈரம். கலகலவென்றிருந்த மிளகாய் தோல் மாதிரித் துவண்டு பிசுபிசுத்தது. அத்தை சொன்ன 'மேலே' என்ற சொல்லின் பொருள் அப்பொழுதுதான் விளங்கிற்று.

* * *

இனி, நடந்ததன் காரணத்தைப் பார்ப்போம். ஒரு பண்டம் கெடுவதும் கெடாததும் அதில் எவ்வளவு ஜலம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல; அந்த ஜலத்தில் எவ்வளவு கிருமிகளுக்குக் கிடைக்கக்கூடியது என்பதைப் பொறுத்தது. சுத்த ஜலத்துக்கு 1 என்று அளவு வைத்துக்கொண்டு சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். 0.91-க்குக் கீழே போனால் பண்டங்களைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வளரமாட்டா. பெரும்பாலான பூஞ்சைகள் 0.80 வரையில் பிடிவாதமாக நிற்கும். 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. உப்பு இரண்டு வேலை செய்கிறது. காயிலுள்ள ஜலத்தை வெளியே இழுக்கிறது. உள்ளே மிஞ்சின ஜலத்தையும் கிருமிகளுக்குக் கிடைக்காதபடி தன்னோடு கட்டிவைக்கிறது. பாதி உலர்ந்த மிளகாய் இரண்டு நாள் மழையைத் தாங்கினது இந்தக் கட்டினால்தான். உப்புப் பாதியானதும் கட்டுத் தளர்ந்தது, பூஞ்சை புகுந்தது.

உப்பு முதல் காவல் என்றால், புளிப்பு இரண்டாவது காவல். மோரில் உள்ள லாக்டிக் அமிலம் மிளகாய்க்குள் இறங்குகிறது. உப்புக்குப் பயந்து மற்றக் கிருமிகள் ஒதுங்கும் இடத்தில், மோரைப் புளிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மட்டும் இருந்து மேலும் அமிலத்தை உண்டாக்குகின்றன. பி.எச். என்னும் அளவு 4.6-க்கு மேற்படாதபடி புளிப்பு ஏறிவிட்டால், பொட்டுலிஸம் என்ற கொடிய விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரமுடியாது.

மூன்றாவது காவல் உலர்ச்சி. இதில்தான் நமது பெட்டி தோற்றது. அதிக உஷ்ணத்தில் ஒரே மூச்சாக உலர்த்தினால், மேல் தோலிலுள்ள ஜலம் வேகமாகப் போய்த் தோல் இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஜலம் அந்த வேகத்தில் மேலே வந்து சேருவதில்லை, கதவு மூடிக்கொள்ளுகிறது. பிறகு புட்டியில் அடைத்து வைத்தால், உள்ளே அகப்பட்ட ஈரம் மெல்ல மெல்ல வெளிவந்து எல்லாவற்றையும் நனைக்கிறது. அத்தையின் முறையில் என்ன நடக்கிறது? பகல் முழுவதும் வெயில். இரவில் மறுபடி மோர். இரவில் தோல் இளகுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் சமமாகப் பரவுகிறது. உப்பும் புளிப்பும் இன்னும் ஒரு படி உள்ளே இறங்குகின்றன. காலையில் கதவு திறந்திருக்கிறது. இப்படி ஐந்தாறு நாளில் மோரும் தீர்ந்து மிளகாயும் உலர்ந்துவிடுகிறது. தானியம் உலர்த்தும் ஆலைகளில்கூட, சூட்டில் வைப்பதும் நடுவில் ஆறப்போட்டு வைப்பதுமாக மாற்றி மாற்றிச் செய்யும் முறை உண்டு. அவர்கள் அதை யந்திர சாஸ்திரம் என்கிறார்கள். அத்தை அதை "ராத்திரி மோரிலே போடு" என்கிறார்.

* * *

மூன்று காவல் என்று தெரிந்ததும் நமக்கு ஒரு யோசனை தோன்றிற்று. ஒரு காவலைக் குறைக்கவேண்டுமானால் மற்ற இரண்டையும் பலப்படுத்த வேண்டும். வெயிலை நம்பினால் மழை வந்துவிடும். ஆகையால் மாடியில் உப்பைக் குறைக்க முடியாது. பெட்டியிலோ மழை இல்லை. அங்கே உலர்ச்சி நம் கையில் இருப்பதால் உப்பைக் குறைக்கலாம். ஆனால் பெட்டியை மருமான் முறையில் அல்ல, அத்தை முறையில் நடத்தவேண்டும்.

அரைக் கிலோ மிளகாய் மறுபடி வாங்கினோம். இந்தத் தடவை உப்பு 15 கிராம். கைப்பிடியில் கால் பங்கு. மோர் இரண்டு நாள் நன்றாகப் புளித்தது. உப்புக் குறைவாக இருப்பதால் இரவில் வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஊறவைத்தோம். காலையில் வடித்து, 55 டிகிரியில் ஐந்து மணி நேரம் உலர்த்தி, சாயங்காலம் மறுபடி குளிர்ந்த மோரில் போட்டோம். மூன்று நாள் இப்படிச் செய்ததில் மோர் தீர்ந்தது. நாலாம் நாள் ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும் வரையில் உலர்த்தி, ஆறவிட்டு, ஈரமில்லாத புட்டியில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தோம். துவண்டு போன மூன்றாவது பங்கும் 55 டிகிரியில் எட்டு மணி நேரம் இருந்து பிழைத்துக் கொண்டது.

செலவையும் சொல்லிவிடுகிறோம். நம்மிடமுள்ள பெட்டி 300 வாட் சக்தி கொள்ளுவது. மொத்தம் 24 மணி நேரம் ஓடினதில் சுமார் 7 யூனிட் மின்சாரம். சூரிய பகவான் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார். ஆகையால் உப்புக் குறைக்கவேண்டிய அவசியமில்லாதவர்கள், மாடி இருக்கிறவர்கள், பெட்டிக்காகப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். மாடி இல்லாதவர்கள் நிலைமை வேறு. நகரங்களில் அடுக்கு வீடுகளில் குடியிருப்போர் பலருக்கு மொட்டை மாடியின் சாவியே கிடைப்பதில்லை. தலைக்கு மேல் எரிக்கும் வெயில் இருக்க, அதில் ஒரு முறம் மிளகாய் வைக்க இடமில்லாதவர்களுக்கு இந்தப் பெட்டி ஒரு சிறு மாடியாக உதவும்.

இன்னும் ஒரு விஷயம். நார்த்தங்காயையும் வற்றலையும் நம்முடைய பழைய பழக்கம் என்று எளிதாக நினைப்பவர்கள் மற்ற நாடுகளைப் பார்க்கவேண்டும். நேபாளத்தில் கடுகுக் கீரையையும் முள்ளங்கிக் கீரையையும் வாட்டி, பானையில் அடைத்துப் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் உலர்த்தி 'குந்த்ருக்' என்ற பெயரில் குளிர்காலத்துக்கு வைத்துக் கொள்கிறார்கள். சீனத்தில் ஷாவோஷிங் பக்கத்தார் கடுகுக் கீரையை உப்பிட்டு, புளிக்கவிட்டு, உலர்த்துகிறார்கள். ஜப்பானியர் 'உமே' என்ற புளிப்புக் காயை உப்பில் ஊறப்போட்டு, கோடை உச்சத்தில் வெயிலில் வைத்து 'உமெபோஷி' செய்கிறார்கள். ஜுரம் வந்தவனுக்கு அவர்களும் அதைக் கஞ்சியோடுதான் கொடுக்கிறார்கள்! நம் பாட்டிமார்களும் அவர்கள் பாட்டிமார்களும் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை. உப்பு, புளிப்பு, வெயில் என்ற மூன்றும் எங்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கின்றன.

அந்த உப்பையும் நாம் இனாமாகப் பெற்றுவிடவில்லை. கடல் ஜலத்தைப் பாத்தியில் கட்டி இதே வெயிலில் உலர்த்தினால் உப்பு. அதை எடுக்க ஒரு காலத்தில் நமக்கு உரிமை இல்லாமலிருந்தது. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து புறப்பட்டு, சித்திரை வெயிலிலேயே நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, 30-ந் தேதி உப்பு எடுத்தார். உப்பு வரி 1947-இல்தான் ஒழிந்தது. காய் மலிந்த நாளில் வாங்கி, உப்பிட்டு உலர்த்தி, இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு உப்பு ஒரு ருசி மட்டுமல்ல, அதுவே களஞ்சியம். அதன் மேல் விழுந்த வரி ஏழை வீட்டுப் பரண் மேல் விழுந்த வரி. காந்தியடிகளின் யோசனைப்படி 1934-இல் ஏற்பட்ட அகில பாரதக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாயிருந்த தஞ்சாவூர்க்காரர் ஜே. சி. குமரப்பா, கிராமத்துத் தொழிலை அறிவோடு ஆராய்ந்து நடத்தவேண்டும் என்று பாடுபட்டார். மைசூரில் 1950-இல் மத்திய உணவுத் தொழில் நுட்ப ஆராய்ச்சிச் சாலை ஏற்பட்டது. பெரிய இடங்களில் ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனால் வீட்டு மாடியில் நடந்துவந்த ஆராய்ச்சியை எழுதிவைக்கும் பொறுப்பு வீட்டாருடையதுதான்.

இந்தப் பொறுப்பை நாம் எவ்வளவு அலக்ஷ்யம் செய்திருக்கிறோம் என்பதைத் தராசு காட்டிவிட்டது. அத்தையின் கைப்பிடி 60 கிராம் என்பதை இந்தச் சித்திரை வரையில் எந்த ஏட்டிலும் யாரும் குறிக்கவில்லை. நமது தாயாருக்கும் ஒரு கைப்பிடி இருந்தது. அது எத்தனை கிராம் என்று இனி எந்தத் தராசும் சொல்லாது. நேயர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி, ஓர் அத்தை, ஒரு பெரியம்மா இருக்கலாம். அவர்கள் அள்ளும் உப்பை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வெயில், எத்தனை இரவு ஊறல், எந்த அறிகுறி கண்டால் போதும் என்று கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். அதற்குப் பெட்டி வேண்டியதில்லை. ஒரு தராசும் பென்சிலும் போதும்.

* * *

பரீட்சையின் முடிவைச் சொல்லவேண்டும் அல்லவா?

அரைக் கிலோவில் எண்ணினதில் மிளகாய் சுமார் 100 இருந்தது. பழைய முறையில் 60 கிராம் உப்பும் மிளகாயிலேயே சுண்டிவிடுவதால், ஒரு மிளகாய்க்கு 0.6 கிராம் உப்பு. இரண்டு மிளகாய் கடித்தால் ஒரு நாள் அளவில் ஏறக்குறைய கால் பங்கு தீர்ந்துபோகும். புது முறையில் ஒரு மிளகாய்க்கு 0.15 கிராம்தான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நாமே டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்து, "வாரத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு ஒன்று. எண்ணெயில் வறுப்பதையும் கவனித்துக் கொள்ளுங்கள்" என்றார். இரத்தக் கொதிப்பு உள்ள மற்றவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உத்தரவைத் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக் கொள்ளக்கூடாது.

புட்டியில் வைத்து ஒரு மாதம் ஆகியும் மிளகாய் கலகலப்புக் குறையவில்லை. அன்று மத்தியானம் வீட்டு அம்மாள் ஒரே ஒரு மிளகாயை வறுத்து அத்தையின் இலை ஓரத்தில் வைத்தார். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு நுனியைக் கடித்து, தயிர் சாதத்தை ஒரு கவளம் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நாம் எல்லோரும் தீர்ப்புக்காகக் காத்திருந்தோம்.

"உப்பு போதாது" என்றார். மறு கவளத்தோடு காம்பைத் தவிர மீதியும் போயிற்று. "ஆனால் மிளகாய் நன்றாக ஊறியிருக்கிறது. ராத்திரி மோரிலே போட்டாயாக்கும்?"

"ஆமாம், அத்தை, நீங்கள் சொன்னபடி" என்றோம்.

அன்று சாயங்காலம் வீட்டுக் கணக்குப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தோம். அத்தையின் கைப்பிடி, அரைக் கிலோ மிளகாய்க்கு 60 கிராம். அத்தைக்காகப் போடும்போது 15.